கிளி இருக்கும் வீட்டில் ஏர் பியூரிஃபயர்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை உறுதியானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் காலை நடையை விடவில்லை. மற்றபடி நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காக்கட்டீல் கிளி ஜோடி வந்ததிலிருந்து மேஜை, புத்தகம், டிவி எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி படிகிறது, மீனாவுக்கு இருமல் நிற்கவில்லை, ஏர் பியூரிஃபயர் வாங்கலாமா என்று எழுதியிருந்தாய். தாராளமாக வாங்கு. ஆனால் அது எவ்வளவு சுத்தம் செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், காற்றில் எதையாவது வெளியே விடுமா என்று கேள். பறவை வளர்ப்பவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

நமக்கு மூச்சு உள்ளே போய் அதே வழியில் திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படி இல்லை. உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகள் துருத்தியாக வேலை செய்து, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியாகப் புதுக் காற்றை ஒரே திசையில் ஓட்டிக்கொண்டே இருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சவ்வும் நம்முடையதைவிட மிக மெல்லியது. பறக்கத் தேவையான ஆக்சிஜன் அப்படித்தான் கிடைக்கிறது. காற்றில் விஷம் இருந்தால் அதுவும் அதே வேகத்தில் ஏறிவிடுகிறது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். கார்பன் மோனாக்சைடு மனிதனைச் சாய்ப்பதற்கு முன் குருவி மயங்கி விழுந்துவிடும். அதற்குப் பதிலாக மின்னணுக் கருவி வைப்பது என்று 1986-ல்தான் முடிவெடுத்தார்கள். அந்தச் சின்ன உயிர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

அதனால் நுரையீரலுக்குக் கெடுதலான ஓசோன் வாயுவை உண்டாக்கும் கருவி எதுவும் உன் வீட்டுக்குள் வரவே கூடாது. ‘ஓசோன்’ என்று பெட்டியில் வெளிப்படையாக எழுதமாட்டார்கள். அயனைசர், பிளாஸ்மா, ஆக்டிவேட்டட் ஆக்சிஜன் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். தூசியை மின்னேற்றிப் பிடிக்கும் தகட்டு வகையும் ஓசோனை விடக்கூடியது. புற ஊதா விளக்கிலும் 185 நானோமீட்டர் கதிர் வருவது ஆக்சிஜனை ஓசோனாக்கும். கலிஃபோர்னியாவில் இந்தக் கருவிகளுக்கு 0.050 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.050 பங்கு) என்று ஓசோன் வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் அது மனிதர்களை மனதில் வைத்துப் போட்ட வரம்பு. கிளிக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். அயனைசரை அணைக்கத் தனி பொத்தான் இருக்கிறது என்பார்கள். தானாக மறுபடி ஓடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? விசிறியும் ஃபில்டரும் மட்டுமே உள்ள கருவியை வாங்கு.

ஃபில்டர் ஹெப்பாவாக, அதாவது மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். ‘ஹெப்பா போன்றது’ என்றால் வேண்டாம். ஹெச்13 தரம் என்றால், பிடிக்க மிகக் கடினமான அளவுத் துகளிலேயே 99.95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும். காக்கட்டீல், காக்கட்டூ, எங்கள் வீட்டுச் சாம்பல் கிளி எல்லாம் சிறகிலிருந்து பொடி உதிர்க்கும் ஜாதி, அதனால் கழுவக்கூடிய முன் ஃபில்டரும் அவசியம். அது இல்லாவிட்டால் ஹெப்பா சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூண்டு இல்லாத இடத்தில் செய்.

அப்புறம் அளவு. பெட்டியில் சிஏடிஆர் என்று ஓர் எண் இருக்கும், கருவி எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்பதற்கான கணக்கு அது. அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது நிமிடத்துக்குக் கன அடிக் கணக்கில் வர வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 100. மணிக்குக் கன மீட்டரில் போட்டிருந்தால் 170. ஆனால் இது விசிறி முழு வேகத்தில் ஓடும்போது அளந்தது. முழு வேகச் சத்தத்தில் பறவைகள் மிரளும், நீங்களும் தூங்க முடியாது. அதனால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிக் குறைந்த வேகத்தில் நாள் முழுக்க ஓட விடு. கூண்டு இருக்கும் அறையிலேயே வை, காற்று நேராகக் கூண்டில் அடிக்க வேண்டாம். ராத்திரியில் அதன் விளக்கை அணைக்க முடிகிறதா என்றும் பார். பறவைக்கு இருட்டு வேண்டும்.

கருவி வந்துவிட்டது என்று நான்ஸ்டிக் பாத்திரத்தில் அசட்டையாக இருந்துவிடாதே. அந்தப் பூச்சு அதிகமாகச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும், எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. ஊதுவத்தி, ரூம் ஸ்பிரே, வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பறவைகளுக்கு அடிக்கடி தண்ணீர் தெளித்துக் குளிக்கவிட்டால் பொடி பறப்பதும் குறையும்.

மீனாவின் இருமலை மட்டும் தள்ளிப்போடாதே. பறவைத் தூசி சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். வருஷக்கணக்கில் விட்டால் அது ஆறாத தழும்பாகிவிடும். மருத்துவரிடம் போனதும் முதல் வேலையாக வீட்டில் பறவை இருப்பதைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று இருக்க வேண்டாம். கருவி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய். அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. எந்த மாடல் பார்க்கிறாய் என்பதையும் சேர்த்து எழுது, அதன் கையேட்டைத் தேடி வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி