மலைநடைச் சங்கம், 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை: இரவிகுளம் மேடும் அதைக் காத்த வேட்டைச் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக எத்தனை நடை போனோம், யார் சந்தா பாக்கி என்பதிலேயே இந்த அறிக்கை பாதி தீர்ந்துவிடும். இம்முறை அவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். மூணாற்றுத் தோட்டத்துரைமார் நடத்திய வேட்டைச் சங்கத்தின் வரலாற்றைத் தொகுத்துத் தரும்படி சென்ற பொதுக்குழு கேட்டிருந்தது. அவர்கள் வேட்டையாடிய, மூணாற்றை ஒட்டிய இரவிகுளம் மேட்டைப் பற்றி நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இரண்டு பேச்சுகள் உண்டு. வெள்ளைக்காரன் சுட்டுத் தீர்த்தான் என்பது ஒன்று, அவன்தான் வரையாட்டைக் காப்பாற்றினான் என்பது மற்றொன்று. தொகுத்துப் பார்த்ததில் இரண்டுமே பாதிப் பேச்சு என்று தெரிகிறது.

நிலம் கைமாறியது

1877 ஜூலையில் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய், முன்பணம் 5,000 ரூபாய். மலையில் குடியிருந்த முதுவர் பழங்குடியினரை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. மலைக்குப் பெயர் கொடுத்த கண்ணன் தேவனும் அஞ்சுநாட்டுப் பக்கத்து ஆள் என்றே சொல்கிறார்கள். 1879-இல் வடதிருவிதாங்கூர் நில நடவு வேளாண் சங்கம் என்ற பெயரில் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். காப்பி, சிங்கோனா, கற்றாழை நார் என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1895-இல் ஃபின்லே நிறுவனம் உள்ளே வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது.

தேயிலை நட்டவர்களும் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் நம் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஆட்கள். தேயிலைப் பெட்டி இறங்கியதும் நம் பக்கமாகத்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும் 1908-இல் சிறிய இரயிலும் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு வந்த பெட்டி, அங்கிருந்து போடிக்கு வந்து, தூத்துக்குடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த இரயிலை அடித்துக்கொண்டு போன பிறகு கம்பெனியின் பார்வை கொச்சிப் பக்கம் திரும்பியது. போடிக்கு மதுரை இரயில் வந்த 1928-ஆம் ஆண்டில்தான் மேலே, ஹைரேஞ்சு எனப்படும் மூணாற்று மலையில், ஹைரேஞ்சு வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும் பதிவேட்டில் ஏறியது. தற்செயல்தான். ஆனால் ஆண்டு மறக்காமலிருக்க உதவும்.

இந்தச் சங்கத்தையும் மூணாறு ஹைரேஞ்சு கிளப்பையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சுவரில் பழைய துரைகளின் தொப்பிகள் தொங்கும் மதுக்கூடம் கிளப்பினுடையது. காவலாளுக்குச் சம்பளம் கொடுத்தது சங்கம். உறுப்பினர்கள் பெரும்பாலும் அதே தோட்டத்துரைகள் என்பதால் குழப்பம் வருவது இயல்பு.

இந்த வகையில் ஹைரேஞ்சு முதலும் அல்ல. உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் 1877-லேயே தொடங்கிவிட்டது. இரண்டே ஆண்டில் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்து, சுடக்கூடாத பருவத்தை அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அங்கே நிலம் பெரிதும் அரசுடையது, சங்கம் அதற்குத் துணை. இங்கேயோ நிலமே கம்பெனியிடம் இருந்தது, சங்கமும் கம்பெனி ஆட்களுடையது. பின்னால் நடந்ததெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

மேடு ஏன் தேயிலையாகவில்லை

இரவிகுளம் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பில் 2,695 மீட்டரில் ஆனைமுடி. 1862 மே மாதத்தில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற சென்னைப் படை அதிகாரி அதன் உச்சிக்கு ஏறியதுதான் எழுத்தில் பதிவான முதல் ஏற்றம். முதுவர் அதற்கு முன் எத்தனை முறை ஏறினார்கள் என்பதற்கு எழுத்து இல்லை, அவ்வளவே. மேட்டுக்கும் ஹாமில்டன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

கொழுக்குமலையிலும் 2,000 மீட்டருக்கு மேல் தேயிலை நிற்கிறதே, இங்கே மட்டும் ஏன் இல்லை என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. கொழுக்குமலை சரிவு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து கீழே இறங்கிவிடும். இரவிகுளத்தில் நிலம் அலையலையாகக் கிடப்பதால் குளிர்காற்று குழிகளில் தேங்கி நிற்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் அந்தக் குழிகளில் உறைபனி விழும். உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிப்போகும். சோலை என்னும் மலைக் குறுங்காட்டின் மர நாற்று புல்வெளியில் தலையெடுக்க முடியாமல் போவதற்கும் இதுவே ஒரு பெரிய காரணம். சோலைகள் நீரும் நிழலும் உள்ள மடிப்புகளில் ஒடுங்கி நிற்க, மேடுகளைப் புல் பிடித்துக்கொள்கிறது. கம்பெனி தியாகம் செய்து மேட்டை விடவில்லை. பயிருக்கு உதவாத நிலம் மிஞ்சியது, அதை வேட்டைக்கு வைத்துக்கொண்டது.

சங்கம் நடந்த விதம்

இந்த மேட்டைக் காத்தது சம்பளம் வாங்கிய ஆள் என்பதே தொகுப்பிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட முடிவு. சங்கம் முதுவர்களைக் காவலாளாக வைத்தது. வேலியே கிடையாது. உரிமம் இல்லாத துப்பாக்கி எந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஏறும், கண்ணி எங்கே வைப்பார்கள், ஆடு எந்தப் பாறைக்குப் போய் ஒண்டும் என்பதெல்லாம் காவலாளுக்குத் தெரியும். இரவிகுளத்தைப் போலவே பாறையும் புல்லும் உள்ள மலைகள் நம் பக்கத்திலும் உண்டு. ஆள் நிற்காத அந்த மலைகள் பலவற்றில் திருட்டு வேட்டையால் வரையாடு அருகியது, சிலவற்றில் அற்றே போனது.

துரைகள் தேடிப்போனது கிழட்டுக் கிடாவை. வயது முற்றிய கிடாவுக்கு உடல் கறுத்து முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் நரை விழும். சேணமுதுகு என்றே அதற்குப் பெயர். எடை 100 கிலோ வரை வரும், பெட்டை அதில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும் இனம் என்பதால், சில கிழட்டுக் கிடாக்கள் போவதால் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடாது. பெட்டையைச் சுட்டால் கணக்கு வேறு. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. ஜூலை, ஆகஸ்டு மழையில் சேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, ஜனவரி பிப்ரவரியில் ஈனும். கறிக்காகச் சுடுகிறவன் சேணமுதுகைத் தேடி நாள் முழுக்க அலைய மாட்டான், கைக்கெட்டிய பெட்டையைச் சுடுவான். துரையின் வேட்டைக்கும் களவு வேட்டைக்கும் விளைவில் இருந்த வேறுபாடு இதுதான், குணத்தில் அல்ல. புலி, சிறுத்தை, செந்நாயைக் கேடுவிலங்கு என்று எழுதிவைத்துக் கொன்றதும் இதே காலத்து மலைச் சங்கங்கள்தான். அந்தப் பக்கத்தை மறைத்துப் புகழ் பாடுவது சரியல்ல.

தீ

இப்பகுதியை உறுப்பினர்கள் ஊன்றிப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த பிறகு நம் சங்கத்தில் தீயைப் பற்றிப் பேசாத கூட்டமில்லை, பேசியதில் பாதி தவறு.

மேட்டில் புல்லைத் திட்டுத் திட்டாக எரிப்பது வேட்டைச் சங்கக் காலத்திலிருந்து நடந்த வேலை. முற்றிய புல் வைக்கோல் மாதிரி, அதில் சத்து இல்லை. எரித்த திட்டில் சில வாரங்களில் இளந்தளிர் வரும், ஆடு அங்கே இறங்கும். வேட்டைக்காரருக்கு வேண்டியதும் அதுவே. எரிக்கும் காலம் கோடையின் தொடக்கம். மார்ச் கடைசி வரை விட்டால் புல் முழுக்கக் காய்ந்து, காற்றும் ஏறி, தீ சோலைக்குள் புகும். சோலை மரத்தின் பட்டை மெல்லியது, ஒருமுறை வெந்தால் தேறாது. காலையில் பனியீரம் வற்றிய பிறகு, காற்று எழுவதற்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளியில் வைக்க வேண்டும். சோலை ஓரத்தில் முதலில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து காற்றை எதிர்த்தும் சரிவில் கீழ்நோக்கியும் நகரும்படி பற்றவைக்க வேண்டும். கீழே வைத்தால் தீ மேல்நோக்கி ஓடும். மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே ஏறுவதால் அதன் வேகத்தை ஆள் ஓடி முந்த முடியாது. ஒரே திட்டை ஆண்டுதோறும் எரித்தால் வேர் தளர்ந்து மண் கழுவிப்போகும், ஆகவே திட்டை மாற்றிக்கொண்டே போக வேண்டும். குறிஞ்சி பூத்து முடிந்த ஆண்டில் இன்னும் கவனம் தேவை. 2006-லும் 2018-லும் பூத்த செடிகள் விதை உதிர்த்துச் செத்துச் சுள்ளியாக நின்றன. அடுத்து 2030-இல் பூத்த பிறகும் அப்படித்தான் நிற்கும்.

இது உறுப்பினர்கள் செய்து பார்ப்பதற்காக எழுதியதல்ல. காட்டில் தீ வைப்பது குற்றம். எந்தச் சரிவில், எந்த நேரத்தில் நிற்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக எழுதியது. கோடையில் புல்வெளிச் சரிவின் மேல்பாதியில் ஓய்வுக்கு உட்காராதீர்கள். புகை தெரிந்தால் மேலே ஏறாதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடத்துக்கோ வெறும் பாறைக்கோ ஓடைக்கோ போங்கள்.

வாட்டில் எனப்படும் சீகை மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நட்ட மரம், புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் விதைக்கு ஓடு கெட்டி, மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும், தீச்சூடு பட்டால் ஓடு வெடித்து மொத்தமாக முளைக்கும். வெட்டிவிட்டு எரித்தால் ஒழிந்தது என்று நினைப்பவர்கள் மறு மழைக்குப் போய்ப் பார்க்கலாம், நாற்றங்கால் மாதிரி நிற்கும். நாற்றை மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குவதும், அதைப் பல ஆண்டுகள் விடாமல் செய்வதும் தவிர வழியில்லை.

வேட்டை நின்றது

1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. மீட்ட நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கம்பெனி வழக்குப் போட்டது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தேயிலைக்கும் அதன் துணைத் தேவைகளுக்கும் உரியதை விட்டு, 70,000 ஏக்கருக்கு மேல் அரசிடம் வந்தது. மேடும் அதற்குள் அடக்கம். பட்டா போட்டிருந்தால் உருளைக்கிழங்கும் சீகையும் மேலே ஏறியிருக்கும். அதே 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்து வேட்டையையும் முடித்தது. 1975-இல் மேடு சரணாலயமானது, 1978-இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர்.

இந்த ஏழாண்டு இடைவெளியில்தான் சங்கத்தின் பழைய ஏற்பாடு கைகொடுத்தது. சங்கம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பெயரில் வேட்டைக்குப் பதில் வனவிலங்கையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துக்கொண்டது. மேட்டில் முதுவர்களுக்கு இருந்த பழக்கம் பூங்காவுக்கும் உதவியது. அவர்களுடைய இலக்கம் குடி இன்றும் பூங்கா எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் மேட்டு வரலாறு என்று எழுதுகிறவர்கள் துரைகளின் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் காவலாளை ‘உள்ளூர் ஆட்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இதைச் செயற்குழு குறையாகவே பதிவு செய்கிறது.

கணக்கெடுப்பையும் சேர்த்துக்கொள்கிறேன். 1975-இல் இ.ஆர்.சி. டேவிதார் என்ற இயற்கையியலாளர் மேற்குத் தொடர்ச்சி மலை முழுமைக்கும் சுமார் 2,230 ஆடுகள் என்று மதிப்பிட்டார். 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாட்களில் எண்ணியபோது கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, மொத்தம் 2,668. இரண்டு எண்களையும் அப்படியே கழித்து ‘இவ்வளவு கூடியது’ என்று சுவரொட்டி போட வேண்டாம். எண்ணிய முறையும் இடங்களும் வேறு. இப்போது மலையைத் திட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பல நாள் திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள். தவறு நேர்வது இரண்டு இடத்தில். ஒன்று மூடுபனி: பாதிக் கூட்டம் மறைந்திருக்கும்போது எண்ணி எழுதிவிடுவது. மற்றொன்று, வெளிர்பழுப்பு நிறத்து இளங்கிடாவைப் பெட்டை என்று எழுதுவது. கொம்பின் தடிப்பைப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

சங்க அலுவல்

இனி நம் கணக்கு. இவ்வாண்டு நடைகள் எல்லாம் வனத்துறை அனுமதி பெற்ற தடங்களில் மட்டுமே நடந்தன. 2018 மலையேற்ற விதிகளின்படி அனுமதியின்றி எந்த நடையும் இல்லை என்ற தீர்மானம் தொடர்கிறது. குட்டி ஈனும் காலத்தில், இரவிகுளம் பூங்காவில் பார்வையாளரை விடும் பகுதியான இராஜமலை மூடியிருக்கும், பிப்ரவரி மார்ச்சில் அங்கே போகலாமா என்று செயலாளரைக் கேட்க வேண்டாம். திறந்த பிறகு போகிறவர்கள், அங்கே ஆடு அருகில் வந்து நிற்பது பழக்கத்தால்தான் என்பதை நினைவில் வைத்து, உப்போ பிஸ்கட்டோ நீட்டாமல் இருக்கவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனித்தாளில் வைக்கிறார். சந்தா பாக்கிப் பட்டியல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது ஒரே தீர்மானம்: இந்தத் தொகுப்பின் அடுத்த பகுதியாக, முதுவர் காவலாட்களின் பணி முறையை அவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்வது. இதற்கான செலவுக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்