பேஸ்மேக்கர் வயரின் முனையையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயர் இல்லாத பேஸ்மேக்கர் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வயர் உள்ள பேஸ்மேக்கரை ஏதோ அந்தக் காலத்துச் சமாச்சாரம் மாதிரி இரண்டே வரியில் ஒதுக்கிவிட்டார்கள். நம் ஊரில் பேஸ்மேக்கரோடு நடமாடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது வயர் உள்ளதுதான், இனி வைத்துக்கொள்ளப் போகிறவர்களிலும் பலருக்கு அதுதான், விலை அப்படி. நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகும் வயர், இதுதான் அதன் அமைப்பு. அதனால் மருத்துவக் கருவிப் பொறியாளன் என்ற முறையில் அந்த வயரைப் பற்றி, குறிப்பாக அது பெட்டிக்குள் சொருகப்படும் முனையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

'பேட்டரி மாற்ற வேண்டும்' என்று டாக்டர் சொல்வார். உண்மையில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, அது டைட்டானியம் பெட்டிக்குள் நிரந்தரமாக மூடப்பட்டிருக்கிறது, பெட்டியையே மாற்றுவார்கள். வயரை (லீட் என்போம்) தொட மாட்டார்கள். பத்து வருடத்தில் அது ரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டி வளர்ந்திருக்கும், பிடுங்குவது ஆபத்தான வேலை. ஆக, இன்று வைக்கும் வயர், பத்து வருடம் கழித்து வரப்போகும், ஒருவேளை வேறொரு கம்பெனி செய்யப்போகும் பெட்டியில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். இதைச் சாத்தியமாக்குவது 3.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சின்ன முனை.

1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் உலகின் முதல் உள்பதிப்பு பேஸ்மேக்கரை வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அந்தக் காலத்துக்குள் அவருக்கு மொத்தம் 26 பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. முதலாவது சில மணி நேரம்தான் ஓடியது. அப்போதெல்லாம் பொதுவான முனை என்று எதுவும் கிடையாது. அப்புறம் கம்பெனிக்கொரு அளவு வந்தது, ஒரு கம்பெனி 5 மில்லிமீட்டர், இன்னொன்று 6, வேறு சில 3.2. பழைய போன்களுக்கு ஆளுக்கொரு சார்ஜர் வைத்திருந்தோமே, அதே கதைதான், என்ன, இங்கே சார்ஜர் நெஞ்சுக்குள் இருக்கிறது. பொருந்தாவிட்டால் நடுவில் ஓர் அடாப்டர். அடாப்டர் என்றால் தோலுக்கடியில் கூடுதல் பருமன், ஈரம் புகக் கூடுதலாக ஓர் இடம். ஐ.எஸ்-1 என்ற சர்வதேசத் தரம் 1992-இல் வெளிவந்த பிறகுதான் இந்தக் கூத்து அடங்கியது. இன்று எந்தக் கம்பெனியின் ஐ.எஸ்-1 லீடையும் எந்தக் கம்பெனியின் ஐ.எஸ்-1 பெட்டியிலும் சொருகலாம்.

ஒரு முனையை வடிவமைக்க இத்தனை பாடா என்று கேட்கலாம். உடம்புக்குள் இருக்கும் திரவம் உப்புத் தண்ணீர், மின்சாரம் தாராளமாகக் கசியும். பெட்டியின் உடலை லேசர் வெல்டிங் செய்து காற்றுக்கூடப் புகாமல் மூடிவிடலாம், ஆனால் அதன் தலையில் உள்ள சொருகு துளையை அப்படி மூட முடியாது, ஏனென்றால் வருங்காலத்தில் ஒரு டாக்டர் அதைத் திறந்தாக வேண்டும். அங்கே தண்ணீரைத் தடுத்து நிற்பது சிலிகான் வளையங்கள் மட்டும்தான். நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தோடு கட்டப்பட்ட வயர் இழுத்தாலும் முனை அசையக் கூடாது. அதே சமயம், வேண்டும்போது டாக்டர் உருவினால் சண்டித்தனம் செய்யாமல் வந்துவிடவும் வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் இதைப் பொருத்துவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். முனையில் ஒட்டிய ரத்தத்தைத் துடைப்பார்கள். பெட்டியின் தலையில் ரப்பர் அடைப்புக்குள் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதற்கான சாவியை முதலிலேயே உள்ளே விட்டு வைப்பார்கள், காற்று வெளியேற அது வழிவிடும், இல்லாவிட்டால் துளைக்குள் சிக்கிய காற்றும் நீரும் பிஸ்டன் போல முனையைப் பின்னுக்குத் தள்ளும். தலைப்பகுதி கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக், எனவே முனையின் நுனியில் உள்ள ஊசி திருகைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு 'டக்' என்று சத்தம் வரும்வரை திருகல், கடைசியில் லேசாக ஓர் இழுப்பு. அந்த ஊசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றிருந்தால் கூட அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், சில வாரம் கழித்து இணைப்பின் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) தாறுமாறாக ஏறும், 'வயர் உடைந்துவிட்டது போல' என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவியான ஐ.சி.டி.யில் இதெல்லாம் இன்னும் தீவிரம். தளர்ந்த இணைப்பில் வரும் இரைச்சலைக் கருவி இதயத்தின் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நல்ல நினைவோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு 700, 800 வோல்ட் ஷாக் அடித்துவிடும். முன்பு ஒரே ஐ.சி.டி. வயருக்கு இரண்டு மூன்று முனைகள் இருக்கும், துளை மாற்றிச் சொருகிவிடும் வாய்ப்பும் இருந்தது. 2010-இல் வந்த தரத்தில் டி.எஃப்-4 என்று எல்லாவற்றையும் ஒரே முனையாக்கினார்கள். அதே 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதில் நான்கு தொடுமுனைகள் (மின்சாரம் கடக்கும் உலோகப் பகுதிகள்), இரண்டில் போவது சில வோல்ட் சமாச்சாரம், மற்ற இரண்டும் ஷாக் போகும் வழி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விஷயம். பழைய ஐ.எஸ்-1-இல் சிலிகான் வளையங்கள் வயரின் முனையில்தான் இருந்தன, அதாவது பெட்டி புதிதானாலும் ரப்பர் பத்துப் பதினைந்து வருடப் பழசு. டி.எஃப்-4-இல் வளையங்களைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை பெட்டி மாற்றும்போதும் புது ரப்பர்! யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர். ஒரு பகுதி பழுதானால் அதற்கு மட்டும் தனி வயர் போட்டுச் சமாளிப்பது இதில் கஷ்டம் என்று குறை சொல்லும் டாக்டர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான். இருந்தாலும் என் ஓட்டு டி.எஃப்-4-க்கே.

சரி, இதயத்துக்கு இவ்வளவு ஒழுங்கு வந்துவிட்டது. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வைக்கிற கருவிகளில் நிலைமை அப்படி இல்லை. பார்க்கின்சன் நடுக்கத்துக்கும் தீராத முதுகுவலிக்கும் வைக்கும் நரம்புத் தூண்டிகளில் ஐ.எஸ்-1 போல எல்லோரும் ஏற்ற பொது முனை இன்னும் நிலைபெறவில்லை. தொடுமுனைகளின் எண்ணிக்கை, இடைவெளி எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. முதுகுத்தண்டுத் தூண்டி செய்துவந்த நுவெக்ட்ரா என்ற அமெரிக்கக் கம்பெனி 2019 நவம்பரில் திவால் மனு போட்டது. இப்படி ஒரு கம்பெனி கடையைக் கட்டினால், அதன் வயரை உடம்பில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அடாப்டர் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் நன்றாக வேலை செய்யும் வயரையும் சேர்த்து எடுக்க மறுபடி முதுகைத் திறக்க வேண்டும். பேஸ்மேக்கர் கம்பெனிகள் கூடிப் பேசி முடித்ததை இவர்களும் செய்யலாம். செய்யாததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை, வாடிக்கையாளரைக் கட்டிவைக்க இதைவிட நல்ல கயிறு கிடைக்காது.

வயரே இல்லாத புதிய வகைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அதில் முனை இல்லை, முனைத் தொல்லையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் பழையதை இதயத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறார்கள். 45 வயதுக்காரருக்கும் 85 வயதுக்காரருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது. இதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக நம்மூர் விஷயம். பெட்டி மாற்ற வந்த ஒரு பெரியவரின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். வேறொரு மருத்துவமனையில் கொடுத்தது. 'பி.பி.ஐ. செய்யப்பட்டது', அதாவது நிரந்தர பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது, என்று ஒரே வரி. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த முனை, எதுவும் இல்லை. பேஸ்மேக்கரின் அடையாள அட்டை எங்கே என்றால் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார் மகன். எக்ஸ்ரேயில் பெட்டியின் உருவத்தைப் பார்த்துக் கம்பெனியை ஊகித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அடாப்டர் வரவழைத்து வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போக வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் ஒவ்வொரு லீடின் பாக்கெட்டிலும் மாடல் எண், வரிசை எண் அச்சடித்த ஸ்டிக்கர்கள் வருகின்றன. அவை கேஸ் ஷீட்டில் ஒட்டப்படுகின்றன, காப்பீட்டுக் கோப்புக்குப் போகின்றன, உடம்பில் அதைச் சுமக்கிறவர் கையில் மட்டும் வந்து சேர்வதில்லை.

அரசு மருத்துவமனையோ தனியாரோ, பெட்டிக்கு ஒன்று, ஒவ்வொரு லீடுக்கும் ஒன்று என்று ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஒட்டிக் கொடுக்கச் சொல்லி சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், காசு செலவே இல்லை. அது வரும்வரை, வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அந்த அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பொறியாளர் ஒருவர்,
கோவை.