பிரிக்பீல்ட்ஸ் அண்ணனுக்கு நன்றி

சனிக்கிழமை காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வெள்ளைக் கோலோடு திகைத்து நின்ற பெண் நான்தான். பார்வையற்ற இளையோருக்கான விடுமுறைப் பயிற்சியில் அன்று எனக்குத் தனிப் பயணம்: கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்க வேண்டும். எங்களுக்கு வழிகாட்டப் பதித்த, காலில் தட்டுப்படும் புடைப்புக் கோட்டின் மேலேயே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். (வழக்கம்தான்!)

நீங்கள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "தங்கச்சி, உதவி வேணுமா?" என்று கேட்டீர்கள். வழி மட்டும் போதும் என்றேன். "இடப்பக்கம் ரெண்டு எட்டு, நேரா நாலு எட்டு, அப்புறம் வலப்பக்கம் திரும்புனா கோடு." அவ்வளவுதான், ஒதுங்கிக்கொண்டீர்கள்.

பசார் செனி நிலையம் தாண்டி, அறிவிப்பைக் கேட்டு நானே இறங்கினேன். போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார்.

உங்கள் பெயர் தெரியாது, குரல் தெரியும். அடுத்த முறை காதில் விழுந்தால் தே தாரிக் டீ என் செலவு, அண்ணே.