சேதி போய்ச் சேர்வதற்குள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. தப்பு என்னுடையதுதான். வீடு மாறியதை எல்லோரிடமும் சொன்னவன் உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். பழைய வீட்டில் இரண்டு மாதமாகக் கிடந்திருக்கிறது. கண்புரை அறுவைக்குத் தேதி குறித்தாயிற்று, உள்ளுக்குள் கொஞ்சம் உதறல் என்று எழுதியிருக்கிறாய். 'பயப்படாதே' என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் உன் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். இந்நேரம் நீ சொட்டு மருந்தெல்லாம் விட்டு முடித்து, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படித்துக்கொண்டிருப்பாய். அந்த அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஜெர்மானியரின் குஸ்டாவ் பீரங்கியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, ரசித்துப் படித்தேன். 80 சென்டிமீட்டர் வாய், ஏழு டன் குண்டு, நகர்த்த இரட்டை ரயில் பாதை. எல்லாம் சரி. ஆனால் 1942இல் செவஸ்தபோலில் அது சுட்டது மொத்தமே 48 குண்டு! பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்குப் பெரிய இரும்பு என்றால் பைத்தியம். எனக்கோ வர வர ஆயுதத்தைவிடக் காகிதத்தின் மேல்தான் கண் போகிறது. யார் யாருக்கு என்ன எழுதினார்கள், அது எப்போது போய்ச் சேர்ந்தது, படித்தவன் என்ன புரிந்துகொண்டான். இதைத் துருவ ஆரம்பித்தால் பீரங்கியெல்லாம் பொம்மையாகிவிடுகிறது.

நம் கடிதம் மாதிரியே ஒரு போர் நடந்திருக்கிறது. 1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன்மேல் போர் அறிவித்தது. கடல் வணிகத்தை நெரித்த பிரிட்டிஷ் ஆணைகள் முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த ஆணைகளை பிரிட்டன் ரத்து செய்தது ஜூன் 23 அன்று. போர் அறிவித்த சேதி அப்போது கடல் தாண்டவே இல்லை. முடிவும் அதே லட்சணம்தான். 1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சமாதானக் கையெழுத்து ஆனது. 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படை அமெரிக்க அரண்மேல் பாய்ந்தது. சுமார் இரண்டாயிரம் பேர் செத்தும் காயப்பட்டும் பிடிபட்டும் போனார்கள். தளபதி பேக்கன்ஹாமும் அங்கேயே செத்தார். பின்னால் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டனின் மைத்துனர் அவர். 'முடிந்த போரில் நடந்த வீண் சண்டை' என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அது முழுக்கச் சரியில்லை. இரு தரப்பும் ஒப்புதல் தரும்வரை போர் நிற்காது என்பதுதான் ஒப்பந்தமே. அமெரிக்க ஒப்புதல் பிப்ரவரியில்தான் வந்தது. ஆனாலும் செத்தவன் வீட்டில் போய் இந்தச் சட்ட நுணுக்கத்தைச் சொல்ல முடியுமா?

அது கப்பல் வேகத்தின் குற்றம். கண்ணெதிரே, குதிரை ஓடும் தூரத்தில் சேதி கெட்டுப்போன கதைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1854 அக்டோபர் 25, கிரீமியாவில் பாலக்லாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் குன்றின் மேல் நிற்கிறார். எதிர் மேட்டில் பிடிபட்ட பிரிட்டிஷ் பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போவது அங்கிருந்து துல்லியமாகத் தெரிகிறது. 'குதிரைப்படை வேகமாக முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும்' என்ற கருத்தில் ஒரு குறிப்பு. எயரி என்ற அதிகாரி அதைப் பென்சிலால் கிறுக்கிக் கொடுக்க, கேப்டன் நோலன் வாங்கிக்கொண்டு செங்குத்தான சரிவில் குதிரையை விடுகிறார். கீழே பள்ளத்தாக்கில் குதிரைப்படைத் தலைவர் லூக்கன். அவர் நிற்கும் இடத்திலிருந்து அந்த மேட்டுப் பீரங்கிகள் தெரியவே தெரியாது. 'எந்தப் பீரங்கி?' என்று கேட்கிறார். நோலன் பொறுமையில்லாமல் கையை வீசி, 'அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள்' என்கிறார். கை காட்டிய திசையில் பள்ளத்தாக்கின் கோடி. அங்கே நேர் எதிரே ரஷ்யப் பீரங்கி வரிசை. இரு பக்க மேட்டிலும் ரஷ்யர்கள்.

லூக்கன் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படையை நடத்திப் போக வேண்டிய கார்டிகன் அவருடைய மைத்துனர். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. மரியாதையாக வாள் வணக்கம் வைத்து உத்தரவை வாங்கிக்கொண்டு, சுமார் 670 பேரோடு போனார் கார்டிகன். ஏறத்தாழ 110 பேர் செத்தார்கள். ஆரம்பத்திலேயே விழுந்தவர்களில் ஒருவர் நோலன். அதனால் எந்தத் திசையைக் காட்டினாய் என்று அவரிடம் யாரும் கேட்கவே முடியவில்லை. சம்பந்திச் சண்டை கல்யாணத்தைக் கெடுக்கும் என்று தெரியும். படையையே கெடுத்தது இங்கேதான்.

தொலைந்த காகிதமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 13 அன்று, வடக்குப் படையின் சிப்பாய்கள் புல்லில் கிடந்த ஒரு பொட்டலத்தைப் பார்த்தார்கள். உள்ளே மூன்று சுருட்டு. சுற்றியிருந்த தாள், தெற்குத் தளபதி ராபர்ட் லீ தன் படையை எங்கெங்கே பிரித்து அனுப்பப்போகிறார் என்ற முழு உத்தரவு. இப்படி ஒரு அதிர்ஷ்டம் கையில் விழுந்தும் வடக்குத் தளபதி மெக்லெல்லன் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் தாமதித்தார். அதற்குள் லீ சுதாரித்துக்கொண்டார். நாலாம் நாள் ஆன்டீட்டமில் ஒரே பகலில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23 ஆயிரம் பேர் விழுந்தார்கள், செத்தும் காயப்பட்டும் காணாமல் போயும்.

சரி, சோகமாகவே எழுதிக்கொண்டு போகிறேன். எம்டனுக்கு வருகிறேன். 'அவன் சரியான எம்டன்' என்று நாம் சொல்கிறோமே, முதல் உலகப் போரில் வந்த அதே ஜெர்மன் போர்க்கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்கப் போனதுதான் அதற்கு வினையாகிவிட்டது. மியூக்க என்ற அதிகாரி ஐம்பது பேரோடு படகில் இறங்கிக் கரையேறுகிறார். அதற்குள்ளேயே நிலையத்துக்காரர்கள் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று தந்தியைத் தட்டிவிட்டார்கள். இனி நடந்ததுதான் வேடிக்கை. தந்திக் கம்பத்தை வெட்டுவதானால் எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் வெட்டுங்கள் என்று கேட்டார்கள். ஜெர்மானியர்களும் அப்படியே வெட்டினார்கள்! எம்டன்காரர்களுக்கு ஜெர்மன் அரசர் இரும்புச் சிலுவை விருது கொடுத்திருப்பதைச் சொல்லி வாழ்த்தியதும் அந்த நிலையத்துக்காரர்கள்தான். உலகச் சேதியெல்லாம் முதலில் அவர்கள் காதுக்குத்தானே வரும்!

ஆனால் அந்தத் தந்தி வேலையைக் காட்டிவிட்டது. நூறு கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு துருப்புக் கப்பல் வரிசைக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி ஓடி வந்து எம்டனை நொறுக்கியது. கரையில் விடப்பட்ட மியூக்கவின் ஆட்கள் அங்கே நின்ற ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடலும் பாலைவனமும் தாண்டி, 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். இதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

ஹிரூ ஓனோடாவை உனக்குத் தெரியும். பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் 1974 மார்ச்வரை இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த ஜப்பானிய அதிகாரி. அவருக்குச் சேதி வராமல் இல்லை. துண்டறிக்கை போட்டார்கள், வந்து கூப்பிட்டார்கள். எல்லாம் எதிரியின் தந்திரம் என்று நினைத்தார். கடைசியில், புத்தகக் கடைக்காரராகிவிட்ட பழைய மேலதிகாரியே போய் உத்தரவைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவரை வீரர் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தனை வருடத்தில் அவர் குழுவின் கையால் செத்த தீவுக்காரர்களுக்கும் போர் எப்போதோ முடிந்திருந்தது.

அதே வருடம் டிசம்பரில் இந்தோனேசியாவின் மொரோடாய் தீவில் கிடைத்தவரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஜப்பானியப் படையில் நகமுரா தெருவோ. பிறந்தது தைவானில், அமிஸ் பழங்குடியில். சொந்தப் பெயர் அத்துன் பலாலின். போருக்குப் போனபோது தைவான் ஜப்பானின் கையில் இருந்தது, திரும்பியபோது இல்லை. ஊரில் அவருக்கு லீ குவாங் ஹுய் என்று ஒரு சீனப் பெயர் காத்திருந்தது. மனைவி வேறொருவரை மணந்திருந்தாள். ஐந்தே வருடத்தில் இறந்துபோனார். ஓனோடாவைப் பற்றிப் படித்தபோது வராத தூக்கக்கேடு எனக்கு இவரால் வந்தது.

கடைசியாக ஒன்று. 1962 அக்டோபர் 27, அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டு நின்ற கியூபா நெருக்கடி. ஆழத்தில் சோவியத் நீர்மூழ்கி பி-59. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மாஸ்கோவோடு தொடர்பில்லை, மேலே அமெரிக்கக் கப்பல்கள் சின்ன வெடிகளைப் போட்டபடி. அது 'மேலே வா' என்ற சமிக்ஞை. அந்த முறையை அமெரிக்கா மாஸ்கோவுக்கு முன்பே தெரிவித்திருந்தது; நீர்மூழ்கிக்குப் போகவில்லை. போர் வந்துவிட்டது என்று கேப்டன் அணுக் குண்டுள்ள டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். உள்ளே இருந்த இன்னோர் அதிகாரி வசீலி அர்கிபோவ் ஒப்பவில்லை. நீர்மூழ்கி மேலே வந்தது. அடுத்த வருடமே மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரடி இணைப்பு போட்டார்கள். சிவப்புத் தொலைபேசி எல்லாம் சினிமா. உண்மையில் அது தட்டச்சுத் தந்தி. வாஷிங்டன் அனுப்பிய முதல் சோதனைச் சேதி, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதித்த நரியைப் பற்றியது. ஆங்கில எழுத்து எல்லாம் வரும் என்பதற்காக.

கண் எப்படி இருக்கிறது, உடனே எழுது. புது விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. இப்போதே எங்காவது குறித்து வை. உன்னைத் தெரியாதா, கிழித்த கையோடு உறையைக் குப்பையில் போட்டிருப்பாய்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்