இருபது வாலட்டும் ஒரு நான்ஸும்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? "ஆறு மாதமாக என்னதான்டா கட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். ரிலேயர். பயனர் கையெழுத்து மட்டும் போடுவார். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பரிவர்த்தனையை அனுப்பி, கேஸ் என்ற கட்டணத்தைக் கட்டுவது எங்கள் வாலட். பணப் பட்டுவாடாவும் இதே வழியில்தான்.

முதலில் ஒரே வாலட்டில் ஓட்டினோம். நான்ஸ், அதாவது ஒரு வாலட்டின் பரிவர்த்தனை வரிசை எண், 0, 1, 2 என்று வரிசையாகத்தான் போகும், உனக்குத் தெரியுமே. 41 சிக்கினால் 42-லிருந்து எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நெட்வொர்க்கில் சேரும் கணினியான நோடை, கெத் என்ற மென்பொருளின் அமைப்பை மாற்றாமல் அப்படியே ஓட்டினால், ஒரு கணக்குக்கு மெம்பூலில் (பரிவர்த்தனைகள் காத்திருக்கும் இடம்) 16 இடம்தான் உறுதி. நெரிசல் வந்தால் அதற்கு மேல் இருப்பதைத் தள்ளிவிடும். ஆகவே 20 வாலட்டாகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. அதைத் தொடுவது ஒரே ஒரு வொர்க்கர் புரோகிராம். நான்ஸை நோடிடம் கேட்பதில்லை. காத்திருப்பவற்றையும் சேர்த்த பெண்டிங் எண்ணிக்கையை ஒரு நோடு 57 என்னும், பக்கத்தது 55 என்னும். எங்கள் டேட்டாபேஸில் நாங்களே எண்ணிக்கொள்கிறோம்.

வேகம் வந்தது. மாட்டியதும் அங்கேதான்.

ஒரு ராத்திரி கட்டணம் எகிறியது. பரிவர்த்தனைகள் தொகுப்பாக ஏறும் பிளாக் நிரம்பி வழிந்தால் அடிப்படைக் கட்டணம் பிளாக்குக்கு 12.5 சதவீதம் வரை ஏறும். 12 விநாடிக்கு ஒரு பிளாக். ஒரு நிமிடத்தில் 80 சதவீதம்! 7-ம் வாலட்டில் ஒரு பட்டுவாடா நின்றுவிட்டது. 90 விநாடியில் நடக்காவிட்டால் வேறு வாலட்டிடம் கொடு என்று நான்தான் கோட் எழுதியிருந்தேன். 12-ம் வாலட் அதை முடித்தது. அரை மணி கழித்துக் கட்டணம் இறங்க, 7-ல் கிடந்ததும் நல்ல பிள்ளையாக உள்ளே போய்விட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பணம். செயினைக் குறை சொல்ல முடியாது. வாலட் வேறு, நான்ஸ் வேறு, அதற்கு இரண்டும் வெவ்வேறு வேலை.

பயனர் கையெழுத்திட்ட கோரிக்கையாக இருந்தால் செயினில் ஓடும் எங்கள் புரோகிராமான ஃபார்வர்டர் காண்ட்ராக்ட் அவருடைய நான்ஸைப் பார்த்து இரண்டாவதை மறுத்திருக்கும். பட்டுவாடாவுக்கு அந்தக் காவலை நான் வைக்கவில்லை. பணம் வாங்கியவர் திருப்பித் தந்துவிட்டார், புண்ணியவான்.

இப்போது ஒரு வேலை எந்த வாலட்டில் ஏறியதோ அங்கேயேதான் முடிய வேண்டும். தாமதமானால் அதே நான்ஸில், கட்டணத்தைக் கூட்டி மாற்று அனுப்புகிறோம். உச்சக் கட்டணம், டிப் (பிளாக்கில் சேர்ப்பவருக்கான கூடுதல் தொகை) இரண்டையுமே 10 சதவீதமாவது ஏற்றவேண்டும். டிப்பை மட்டும் ஏற்றிவிட்டு, நோடு ஏன் திருப்பி அனுப்புகிறது என்று அரைநாள் முழித்தேன். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் ஒரு அடையாள எண்ணைக் காண்ட்ராக்டிலேயே குறித்துவைக்கிறோம். அதே எண் மறுபடி வந்தால் ரிவர்ட், அதாவது ரத்து.

மிச்சமிருக்கும் தலைவலி, 20 வாலட்டிலும் கேஸ் கட்டும் நாணயமான ஈத்தர் தீராமல் பார்ப்பது. நிரப்புகிற வாலட்டும் ஒரு வாலட்தானே, அதன் நான்ஸும் சிக்கும்! மெசேஜ் க்யூவோடு மல்லுக்கட்டிய அனுபவம் உனக்கு நிறைய. இதை நீ எப்படிப் பிரிப்பாய்? எழுது.

அன்புடன்,
முரளி