மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும் மலையா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான, கேரள-தமிழக எல்லையிலுள்ள அகத்தியர் மலைப் பயணக் கட்டுரையில், "அதிருமலை முகாமிலிருந்து காலையில் கிளம்பினால், பெண்கள்கூட மதியச் சாப்பாட்டுக்குள் உச்சியைத் தொட்டுத் திரும்பிவிடலாம்" என்று ஒரு வரி இடம்பெற்றிருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்தே தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தங்கள் இதழ் வருகிறது. அந்த உரிமையில்தான், மிகுந்த மனவருத்தத்தோடு இதை எழுதுகிறேன்.

அந்த மலையில் நான் ஏறியிருக்கிறேன். நடை தொடங்கும் போனக்காட்டில் பாழடைந்து கிடக்கும் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து, கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று நீரோடைகளைக் கடந்து, நிழலற்ற புல்வெளியில் வெயிலை வாங்கிக்கொண்டு நடந்து, முட்டிடிச்சான் மலையின் செங்குத்தில் மூச்சுத் திணறி, இரவு தங்கும் அதிருமலை முகாமை அடைவதற்குள் 14 கிலோமீட்டருக்குக் குறையாத நடை முடிந்திருக்கும். 1,868 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு ஏறுவது அதற்கு மறுநாள். தங்கள் கட்டுரையாளர் எளிது என்று சொல்லும் அந்தக் காலை, முதல் நாள் வலி தீராத கால்களோடு தொடங்குகிறது என்பதை அவர் எந்தப் பத்தியிலும் சொல்லவில்லை.

எங்களோடு காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். விடியுமுன் ஏலம் எடுத்து, தலையில் கூடை சுமந்து, தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளை வளர்த்தவர். உடல் உரத்தில் எங்களில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். உச்சிக்குப் போகும் வழியிலுள்ள பொங்காலைப்பாறைக்கு மேலே, எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் இறங்கி, காற்றும் வீசியபோதும் உச்சியிலுள்ள அகத்தியர் சிலைவரை அவர் வந்து சேர்ந்தார். ஆனால் திரும்பும்போது, கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டிய ஈரப்பாறையில் அவருடைய முழங்கால் பிசகிவிட்டது. அந்த மலைக்காட்டின் காணிப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி எங்களை அதட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஒரு கம்பை வெட்டிக் கையில் கொடுத்து, "பயப்படாதீங்கம்மா, மெல்ல வாங்க" என்று ஒவ்வொரு பாறையிலும் முதலில் தாம் இறங்கி, தம் தோளைக் கொடுத்து இறக்கினார். கையிலிருந்த தண்ணீர் தீர்ந்த பிறகு அடுத்த ஓடைவரை நாக்கு வறண்டே நடந்தோம். முகாமைச் சுற்றி யானை உள்ளே வராதபடி அகழி வெட்டியிருக்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பொழுது சாய்ந்தும் அந்த அகழிக்கு வெளியே, நடக்க முடியாத ஒருவரோடு நின்றவர்களுக்குத்தான் மதியச் சாப்பாடு என்ற சொல் எப்படிச் சுடும் என்பது புரியும்.

என் வருத்தம் இந்த ஒரு வரியோடு தொடங்கியதும் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ மூண்டு, மலையேறப் போனவர்களில் 23 பேரின் உயிர் போயிற்று. கோடையில் காய்ந்து கிடந்த புல்மேட்டுக்கு அத்தனை பேரை அனுப்பியது யார் பொறுப்பு என்று கேட்க வேண்டிய இடத்தில், பெண்களுக்கு இந்த வேலை எதற்கு என்ற தொனியில் தங்கள் பக்கங்களில் எழுதப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், அகத்தியர் மலையில் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2019 ஜனவரியில் பெண்கள் ஏறத் தொடங்கியபோது, அதற்கு ஒரு மூலைச் செய்தி மட்டுமே கிடைத்தது. இப்போது எங்களை வைத்தே மலையின் கடினத்தை அளக்கிறீர்கள். ஒரு பெண்ணாலும் முடியும் என்பதால் மலை சிறுத்துப்போய்விடுமா, ஐயா?

ஆந்திராவிலுள்ள நாகலாபுரம் மலைச் சுனைகளைப் பற்றியும் இப்படித்தான் குளிக்க ஏற்ற இடம் என்று எழுதியிருந்தீர்கள். வடசென்னையில் எங்களுக்கு ஏறிப் பழக ஒரு குன்றுகூடக் கிடையாது. குடியிருப்பு மாடிப்படிகளில் ஏறி இறங்கியும் கடற்கரை மணலில் நடந்தும்தான் பழகுகிறோம். எல்லை தாண்டினால் வந்துவிடும் மலை என்பதால் எங்கள் தெருப் பிள்ளைகள் நாகலாபுரத்துக்குத்தான் கூட்டமாகப் போகிறார்கள். நீந்தத் தெரிந்தவர்களையும் ஏமாற்றும் ஆழம் அந்தச் சுனைகளுக்கு உண்டு என்று அப்போதே எழுதினேன். அந்தக் கடிதம் வெளியாகவில்லை.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம்தான். உச்சிக்குப் போய்வர ஒரு முழுப் பகல் வேண்டும் என்பதையும், பொங்காலைப்பாறையைத் தாண்டுமுன் தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதையும், அடுத்த ஆண்டுக்கான அனுமதிப் பதிவு தொடங்குமுன் அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81.