கச்சேரி நினைவுக்குத் தேதியும் நின்ற இடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலைநாட்டு இசைக்குழுக்களின் பழைய ரசிகர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் கட்டுரை வந்தால், “அந்த ராத்திரியை மறக்கவே முடியாது” என்ற ஒற்றை வரியோடு அவர்களின் நினைவு முடிந்துபோகிறது. அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ரசிகர்களுக்கு இது பெரிய அநியாயம். காதால் கேட்டதை இத்தனை கறாராகப் பதிவுசெய்து, தேதிவாரியாக அடுக்கி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்த்து வைத்திருக்கும் ரசிகர் கூட்டம் அபூர்வம். அவர்களின் நினைவுகளை வெளியிடுவதானால் எந்தத் தேதி, எந்த அரங்கம், எங்கே நின்று கேட்டார்கள் என்ற மூன்றையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1965-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் தொடங்கிய குழு இது. 1995 ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் கடைசியாக வாசித்தது. சரியாக ஒரு மாதம் கழித்து குழுவின் முதன்மைக் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா காலமானார். இந்த 30 ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். நேற்று வாசித்த வரிசை இன்று வராது. பாடலின் அளவும் நிலையில்லை. ‘டார்க் ஸ்டார்’ 1968-இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. மேடையில் அதுவே அரை மணி நேரம் ஓடியதுண்டு. ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. பாட்டு ஒரு வாசல்படிதான், அதைத் தாண்டியபின் எங்கே போவார்கள் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாது. அதனால்தான் ஒரே ஊரில் மூன்று நாள் வாசித்தால் மூன்று நாளும் போனார்கள்.

நினைவு குழம்புவதும் இதனால்தான். மூன்று இரவுகள் பத்து வருடத்தில் ஒரே இரவாக உருகிவிடும். முதல் நாள் கேட்ட பாடல் மூன்றாம் நாள் மழையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தக் குழுவின் விஷயத்தில் முடிச்சை அவிழ்க்க நல்ல தடயங்கள் இருக்கின்றன. மேடையில் ஒரே ஒரு டிரம்ஸ் கலைஞர்தான் இருந்தார் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அது 1971 பிப்ரவரிக்கும் 1974 அக்டோபருக்கும் இடைப்பட்ட காலம், அல்லது இரண்டாவது டிரம்ஸ் கலைஞரான மிக்கி ஹார்ட் 1967 செப்டம்பரில் சேர்வதற்கு முந்தைய காலம். பெரிய பியானோ கேட்டதென்றால் கீத் காட்ஷோ இருந்த 1971 முதல் 1979 தொடக்கம் வரை, அல்லது புரூஸ் ஹார்ன்ஸ்பி சேர்ந்து வாசித்த 1990 முதல் 1992 வரை. ஹம்மண்ட் ஆர்கனோடு கரகரத்த உச்சக்குரல் சேர்ந்து வந்ததென்றால் பிரெண்ட் மிட்லண்ட் இருந்த 1979 ஏப்ரல் முதல் 1990 வரை. கார்சியாவின் கிட்டாரிலிருந்து புல்லாங்குழலோ டிரம்பெட்டோ போல ஓசை எழுந்ததாக நினைவிருந்தால், அது மிடி கருவி வந்த 1989-க்குப் பிறகு. ‘டார்க் ஸ்டார்’ கேட்டேன், வருடம் 1987 என்று யாராவது சொன்னால், ஏதோ ஒன்று தவறு. 1984 ஜூலைக்குப் பிறகு 1989 அக்டோபர் 9 அன்று ஹாம்ப்டனில் வாசிக்கும்வரை அந்தப் பாடல் மேடைக்கே வரவில்லை. இவற்றை முகத்தில் அடித்தாற்போலக் கேட்க வேண்டியதில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டால் நினைவு தானே தன் இடத்துக்கு வந்து உட்காரும்.

சரிபார்க்கப் பெரும் துணை, ரசிகர்களே பிடித்த ஒலிநாடாக்கள். வாசித்து முடித்தபின் இசை கேட்டவர்களுக்குச் சொந்தம் என்பது கார்சியாவின் நிலைப்பாடு. ஆகவே குழு கண்டும் காணாமல் இருந்தது. நாளடைவில் மிக்சர் மேசைக்கு முன்னால் மைக் ஸ்டாண்டுகள் காடாக முளைத்து, ஒலியமைப்பாளருக்கே மேடை தெரியாமல் போனது. 1984 அக்டோபர் கடைசியில், பெர்க்லியில் நடந்த கச்சேரிகளிலிருந்து, மேசைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தபால்வழி தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

அங்கே நடந்தது பொழுதுபோக்கல்ல, தொழில்நுட்பம். சோனி டிசி-டி5எம் போன்ற தோளில் மாட்டும் கேசட் டெக், ஒரு ஜோடி கண்டென்சர் மைக், தலைகளுக்கு மேல் எட்டும்படி உயர்த்திய ஸ்டாண்டு. மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், 110 டிகிரி விரித்து வைப்பது ஒரு முறை. அரங்கு எதிரொலிப்பதாக இருந்தால் கோணத்தைக் குறைத்து ஸ்பீக்கர் அடுக்குகளை நோக்கியே திருப்புவார்கள். திறந்தவெளி என்றால் மைக்குக்கு நுரை உறை கட்டாயம். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் நாடாவில் லாரி போகும். முதல் பாடலிலேயே அளவை வைத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் இரண்டாம் பாதியில் மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் ஒலி ஏறிக்கொண்டே போகும். அளவுகாட்டியின் ஊசி சிவப்பைத் தொடாதபடி இடம் விட்டு வைப்பதே அனுபவம். பேட்டரி தளர்ந்தால் இன்னொரு கேடு. பதிவின்போது நாடா மெதுவாக ஓடும். வீட்டில் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறி, பாடுபவர் எலிக்குரலில் பாடுவார். ஆதலால் இடைவேளையில் பேட்டரியை மாற்றிவிடுவார்கள், பழையதில் உயிர் மிச்சமிருந்தாலும்.

பெரிய தலைவலி நாடாவின் நீளம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், கூடுதலாக ஓரிரு நிமிடம் இருக்கலாம். இரண்டாம் பாதியோ 80, 90 நிமிடம் போகும், அதுவும் பாடலுக்குப் பாடல் நிறுத்தமில்லாமல். 120 நிமிடக் கேசட் போடலாமே என்றால், அதன் நாடா மெல்லியது, இழுபடும், சிக்கும். அதனால் தேர்ந்த பதிவாளர்கள் இரண்டாம் பாதியின் நடுவில் வரும் தாளக் கட்டத்துக்காகக் காத்திருப்பார்கள். மற்றவர்கள் மேடையை விட்டு இறங்க, இரண்டு தாளக் கலைஞர்களும் மட்டும் வாசிக்கும் பகுதி அது. நம் தனி ஆவர்த்தனம் போல. அங்கே கேசட்டைத் திருப்பினால் இழப்பு சில வினாடி. தாளக் கட்டம் தாமதமானால் பாடலின் உச்சத்தில் நாடா தீர்ந்துபோகும். பல பதிவுகளில் மிக அழகான இடத்தில் ஒரு வெட்டு விழுந்திருப்பது இப்படித்தான்.

தாளக் கட்டம் என்றதும் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உஸ்தாத் அல்லா ரக்காவிடம் பயின்ற மிக்கி ஹார்ட், ஜாகிர் உசேனையும் நம் விக்கு விநாயகராமையும் சேர்த்துக்கொண்டு 1991-இல் ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார். உலக இசைக்கென்று முதன்முதலாகத் தரப்பட்ட கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது. அந்த டெட் மேடைத் தாளத்துக்கும் நம் கடத்துக்கும் அவ்வளவு தூரமில்லை.

நாடா இருக்கிறதே, பிறகு மனிதர்களின் நினைவு எதற்கு என்று கேட்கலாம். நாடாவும் முழுவதையும் சொல்வதில்லை. மிக்சர் மேசையிலிருந்து நேரடியாக எடுத்த பதிவில் குரல் தூக்கலாகவும் கிட்டார் அமுங்கியும் இருக்கும். சிறிய அரங்கில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரே கூடத்தை நிறைத்துவிடுவதால், மேசையில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். அன்று கூடத்தில் இருந்தவர் இந்தப் பதிவைக் கேட்டால், “நான் கேட்டது இது இல்லையே” என்பார். அவர் சொல்வது சரிதான். கூட்டத்தில் வைத்த மைக் பதிவே அவர் காதுக்கு நெருக்கமானது. இரண்டையும் கலந்து ஒன்றாக்குபவர்கள் உண்டு. மேடையிலிருந்து 30 மீட்டரில் வைத்த மைக்குக்கு ஒலி வந்துசேர ஏறத்தாழ 87 மில்லிவினாடி ஆகும். அந்த அளவுக்குக் கூட்டப் பதிவை முன்னே நகர்த்தாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். இரண்டு டெக்குகளின் வேகமும் ஒன்றாக இருக்காது என்பதால், ஒரு முறை பொருத்தினால் போதாது. சில நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடியும் பொருத்த வேண்டும்.

1974-இல் இந்தக் குழு எடுத்துச் சென்ற ‘வால் ஆஃப் சவுண்ட்’ ஒலியமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழுவின் ஒலியமைப்பாளர் ஓஸ்லி ஸ்டான்லியும் அலெம்பிக் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. 600-க்கு மேற்பட்ட ஸ்பீக்கர்கள், எடை சுமார் 75 டன். எல்லாம் கலைஞர்களுக்குப் பின்னால் சுவராக நின்றன. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடுக்கு என்பதால், தொலைவில் நின்றவர்களும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் துலங்கியது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டுப் பதிவுகளைக் கேளுங்கள், குரல் மட்டும் மெலிந்து தகரம் போலிருக்கும். ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தால் ஊளையிடும் அல்லவா? அதைத் தடுக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை நெருக்கமாக வைத்து, ஒன்றின் இணைப்பைத் தலைகீழாக்கினார்கள். இரண்டிலும் சமமாக விழும் சுவரின் ஓசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் மைக்கில் மட்டும் உதடு ஒட்டிப் பாடினால் குரல் தப்பும். தலை சற்று விலகினால் குரலும் சேர்ந்து அழியும். ஆக, கருவிகளின் துலக்கத்தைப் புகழும் ரசிகரும் பொய் சொல்லவில்லை, மெலிந்த குரலைக் காட்டும் நாடாவும் பொய் சொல்லவில்லை.

நாடாவில் அறவே ஏறாதவையும் உண்டு. அலுமினிய உத்தரத்தில் பியானோவின் தடித்த கம்பிகளைக் கட்டி மிக்கி ஹார்ட் வாசித்த ‘பீம்’ கருவியின் அடிநாதம் காதுக்கு முன்பே விலா எலும்பில் வந்து சேரும். கேசட்டில் அது வெறும் புகைச்சலாகத்தான் கேட்கிறது. காது கேளாத ரசிகர்கள் ஊதிய பலூனைக் கைகளுக்கிடையில் பிடித்தபடி அதிர்வை உணர்ந்து ஆடினார்கள். அவர்களின் நினைவை எந்த மைக் பிடித்திருக்கும்?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரியில் நினைவும் நாடாவும் கைகோத்து நிற்பதைப் பார்க்கலாம். முன்வரிசையில் நின்றவர்கள் மூச்சுமுட்ட நெரிந்ததைச் சொல்கிறார்கள். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் (Betty Cantor) என்ற பெண்மணி மிக்சர் மேசையிலிருந்து எடுத்த பதிவில், இரண்டாம் பாதி தொடங்கும் முன் எல்லோரும் ஓர் அடி பின்னால் நகருங்கள் என்று மேடையிலிருந்து கேட்டுக்கொள்வது அப்படியே இருக்கிறது. இந்த நாடா ஒரு கிட்டங்கியில் கிடந்து, 1980-களில் வாடகை பாக்கிக்காக ஏலம் போன பெட்டிகளிலிருந்து வெளியே வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-க்கான தேர்வில் இடம்பெற்றது. 2017-இல் முறையாக வெளியானது. வெளியே வந்தபோது மே மாதத்தில் பனி பெய்திருந்தது என்பதையோ நாடா சொல்லாது. அது போனவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அமெரிக்காவில் இருக்கும் தங்கள் வாசகர்களுக்கு. பரணில், பழைய பெட்டியில் இப்படிப்பட்ட கேசட் கிடந்தால் உடனே ஓடவிட்டுவிடாதீர்கள். முதலில் நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், நாடாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள். டெக்கின் தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அநேகமாக, இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியைப் போடாமல் பதிந்திருப்பார்கள். இப்போது டால்பி போட்டால் ஜால்ராவும் கைத்தட்டலும் காணாமல் போகும். அட்டையில் குறிப்பு இல்லையென்றால் அணைத்தே வையுங்கள். ஒலி அடைத்தாற்போல இருந்தால் தலையின் சாய்வுக்கான திருகை, கைத்தட்டல் கூர்மையாகக் கேட்கும்வரை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கணினியில் 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பதியுங்கள். இரைச்சலைச் சுத்தம் செய்ய வேண்டாம். சுத்தம் செய்தது செய்ததுதான், போன ஓசை திரும்பாது. பாடல்களுக்கு இடையே வரும் சுருதி சேர்ப்பையும் பக்கத்தில் நின்றவர் பேச்சையும் வெட்டாதீர்கள், இரவைக் கண்டுபிடிக்க உதவுபவை அவைதான். எம்பி3 ஆக மட்டும் வைக்காமல், ஓசை எதுவும் இழக்காத ஃபிளாக் (FLAC) கோப்பாகவும் வையுங்கள்.

அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். தேதி, அரங்கம், எத்தனையாவது பிரதி என்று பேனாவில் எழுதியிருக்கும். டிக்கெட்டின் கிழிந்த பாதி பெட்டியில் இருந்தால் அதையும். பிறகு, நாடாவைக் கேட்பதற்கு முன்பே, அந்த இரவில் எங்கே நின்றீர்கள், எது முதலில் நினைவுக்கு வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கேட்டபின் எழுதினால் நாடா சொன்னதைத்தான் எழுதுவீர்கள். அந்தத் தாளும் கேசட்டின் பெயரும் ஒன்றாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்